சேற்றில் எழுதிய கணக்கு

அன்புள்ள ஐயா,

எண்ணூர் முகத்துவாரம் பற்றிய உங்கள் கட்டுரையை என் மகளும் படித்தாள். வேதியியலில் முதுகலை முடித்த அவள், கடலோரங்களில் கார்பனும் நைட்ரஜனும் சுழலும் விதத்தை ஆராயப் போகிறாளாம். “வாழ்நாளைச் சேற்றிலா கழிப்பாய்?” என்று கேட்டுவிட்டேன்; இரண்டு நாளாக அவள் பேசவில்லை. அலையாத்தி மரம் நடும் பணிக்குப் போனாலாவது ஊருக்குப் பயன். இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா?

ஒரு தந்தை, திருவொற்றியூர்

அன்புள்ள நண்பருக்கு,

வேலை உண்டு, இடங்கள் குறைவு. அதை உங்கள் மகளே விசாரித்துக்கொள்வாள்.

‘சேறு’ என்று நீங்கள் எழுதிய விதம்தான் என்னைச் சுட்டது. பறிக்கூடையைப் பல்லில் கடித்தபடி என் அத்தை குனிந்து இறால் தடவியெடுத்த சேறு அது. பல ஆண்டுகள் கழித்து, எண்ணூர்க் காட்டுக்குப்பத்தில் ஓர் ஆய்வாளருடன் படகில் போனேன். அவர் ஒரு குழாயைச் சேற்றில் இறக்கி, மேலே இழுத்து, உள்ளிருந்ததை நெடுக்காக அறுத்துக் காட்டினார். மேலே நகக்கனத்துக்குப் பழுப்பு. அதற்குக் கீழே முழுவதும் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். ஆக்சிஜன் அந்தப் பழுப்போடு நின்றுவிடுகிறது. அதற்கடியில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக, நைட்ரஜன் அடங்கிய நைட்ரேட்டைக் கொண்டு சுவாசித்து, அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்புகின்றன. இன்னும் ஆழத்தில் கடல்நீரின் சல்பேட்டைப் பயன்படுத்துகின்றன, அந்த நாற்றம் அதிலிருந்து வருவது. அலையாத்தியின் இலையும் வேரும் அங்கே முழுதாக மட்காததால், அவற்றின் கார்பன் நூற்றாண்டுக் கணக்கில் புதைந்து கிடக்கிறது.

மரம் நடுவது பயன், அளப்பது வீண் என்று எப்படிப் பிரித்தீர்கள்? நகரத்துச் சாக்கடை கொண்டுவரும் நைட்ரஜன் மிதமிஞ்சினால், சேற்றில் நடக்கும் அந்த மாற்றம் பாதியில் நின்று, நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு வெளியேறுவது கூடும். 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, அது கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு புவியைச் சூடாக்கும். புதைந்த கார்பனை மட்டும் எண்ணி மகிழ்வது, வரவை எழுதிச் செலவை எழுதாமல் விட்ட கணக்கு. நட்ட கன்றுக்கு ஓதம் ஏறுகிறதா, வேர் நிற்கும் சேறு என்ன வெளியிடுகிறது என்பதை யாராவது ஆண்டுக்கணக்கில் போய் அளந்தாக வேண்டும். சித்திரையில் உப்பு ஏறிய நாளிலும், ஐப்பசியில் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் இறங்கும் நாளிலும், கடல்நீர் வடியும் நள்ளிரவு வற்றத்திலும் அளந்தாக வேண்டும். ஒரு நாள் எடுத்த அளவை வைத்து எதையும் சொல்ல முடியாது.

உங்கள் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. பெற்ற மனம் அது. ஆனால் முதலில் அவளிடம் பேசுங்கள். அடுத்த வற்றத்தில் அவளைக் காட்டுக்குப்பத்துக்கு அழைத்துப் போங்கள். செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டு, அவளுக்குப் பின்னால் நீங்களும் இறங்குங்கள்.