பயணத்துக்கு எந்த மிரர்லெஸ், எந்த லென்ஸ்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பயணத்துக்கு மிரர்லெஸ் கேமரா (உள்ளே ஆடும் பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்குவதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றதற்கெல்லாம் வரிசையாக எழுதுகிறேன். நான் கேமரா விற்பவள் இல்லை. பதினைந்து வருடமாக ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைபவள்.

கேள்வி: அக்கா, இதுவரை மொபைலில்தான் எடுத்தேன். இதுதான் முதல் கேமரா. "எடுத்தவுடன் ஃபுல் ஃப்ரேம் வாங்கிவிடு, இல்லாவிட்டால் பின்னால் வருத்தப்படுவாய்" என்கிறார்கள் நண்பர்கள். வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி, குறைந்தது இப்போதைக்கு வேண்டாம். வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லுதான் சென்சார். ஃபுல் ஃப்ரேமில் அது 36×24 மிமீ. அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி வகையில் ஏறக்குறைய 23.5×15.6 மிமீ. பரப்பளவு இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேல் என்பதால், இருட்டில் ஃபுல் ஃப்ரேமுக்கு ஒரு ஸ்டாப்புக்குச் (வெளிச்சம் இரு மடங்காவது ஒரு ஸ்டாப்) சற்று அதிகமாகவே அனுகூலம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சென்சார் பெரிதானால் லென்ஸும் பெரிதாகும். எல்லோரும் பாடியின் (லென்ஸ் இல்லாத வெறும் கேமராவின்) எடையைப் பார்க்கிறார்கள், லென்ஸின் எடையை மறந்துவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சோனி ஏ6700 பேட்டரியோடு 493 கிராம். அதில் சிக்மா 18-50 எஃப்/2.8 லென்ஸ் மாட்டினால் (18-50 என்பது காட்சியை எவ்வளவு அகலமாக, எவ்வளவு நெருக்கமாகக் காட்டும் என்ற மிமீ அளவு, அதாவது ஃபோகல் லெங்த்; எஃப் எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம்) கூடுதலாக 290 கிராம். மொத்தம் முக்கால் கிலோவைக் கொஞ்சம் தாண்டும். அதே நிறுவனத்தின் ஃபுல் ஃப்ரேம் ஏ7 IV 658 கிராம், 24-70 எஃப்/2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 695 கிராம். ஒன்றேகால் கிலோவுக்கு மேல் போய்விட்டது. காலையில் கிளம்பும்போது இந்த அரைக் கிலோ வித்தியாசம் தெரியாது. மதியம் மூன்று மணிக்குத் தோள்பட்டை சொல்லும். 

ஒருமுறை நானும் பெரிய கேமராவும் இரண்டு கனமான ஜூம் லென்ஸும் எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் அலுத்துப்போய் எல்லாவற்றையும் அறையில் வைத்துவிட்டு நடக்கக் கிளம்பினேன். மழை விட்டு, மேகத்துக்கு அடியில் ஒரு கீற்று வெயில் வந்தது. நனைந்த தெரு முழுக்கச் செம்பு நிறம். ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதன் நடுவே போனாள், சக்கரம் பட்ட இடத்தில் மட்டும் அந்த நிறம் உடைந்து உடைந்து சேர்ந்தது. நாலு நிமிடம்கூட அந்த வெளிச்சம் நிற்கவில்லை. கேமரா அறையில் இருந்தது. அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது எடை, பிறகு லென்ஸ், கடைசியில்தான் பாடி.

கேள்வி: எனக்கு எந்த ஃபோகல் லெங்த் வேண்டும் என்பதே தெரியவில்லை. எப்படி முடிவு செய்வது?

பதில்: உங்கள் மொபைலிலேயே விடை இருக்கிறது. போன பயணத்தில் நீங்கள் எடுத்த படங்களில் உங்களுக்கே பிடித்த ஐம்பதைத் தனியாக எடுங்கள். பெரும்பாலான மொபைல்களின் முதன்மை கேமரா ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 24-26 மிமீ. எத்தனை படம் அதிலேயே எடுத்தது, எத்தனை படத்துக்கு விரலால் இழுத்து ஜூம் செய்தீர்கள், எத்தனைக்கு அல்ட்ரா வைடுக்குப் போனீர்கள் என்று எண்ணுங்கள். படத்தின் விவரத்தைத் திறந்தால் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

முக்கால்வாசி மனித முகங்களும் தெருவும் என்றால் 24-75 போதும். ஏபிஎஸ்-சியில் அது 16-50 அல்லது 18-50 (ஃபோகல் லெங்த்தை 1.5-ஆல் பெருக்க வேண்டும்; கேனனில் 1.6, இன்னும் சின்ன சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் 2). எல்லாமே மலையும் கட்டடமும் என்றால் 16-இல் தொடங்கும் லென்ஸைப் பாருங்கள். காகிதத்தில் 16-க்கும் 18-க்கும் 2 மிமீ தான் வித்தியாசம். குறுகிய சந்தில் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது அந்த இரண்டின் அருமை தெரியும்.

கேள்வி: ஒரே லென்ஸில் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று 18-300 வாங்க நினைக்கிறேன். சரியா?

பதில்: யாருக்கு என்பதைப் பொறுத்தது. கைக்குழந்தையோடு போகிறீர்கள், அல்லது ஜீப்பில் உட்கார்ந்தபடி புழுதிக்குள் காட்டில் சுற்றப்போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். லென்ஸ் மாற்றவே முடியாத இடத்தில் சூப்பர் ஜூம்தான் வேலைக்கு ஆகும்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது வேறு. டாம்ரான் 18-300 எடை 620 கிராம், நீண்ட முனையில் எஃப்/6.3. எஃப்/2.8 உள்ளே விடும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் எஃப்/6.3-இல் வரும். வெயிலில் கவலையில்லை. சூரியன் மறைந்ததும், வீட்டுக்குள் நுழைந்ததும் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறன்) எகிறும், படம் பொரிபொரியாக வரும். பயணத்தில் நினைவில் நிற்கும் நேரங்கள் விடியலும் அந்தியும் விளக்கு வெளிச்சமும்தான். 

என் யோசனை: ஒரு சின்ன எஃப்/2.8 ஜூம். அல்லது கேமராவோடு வரும் கிட் லென்ஸை வைத்துக்கொண்டு, கூடவே வெளிச்சம் அள்ளும் ஒரு சின்ன பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்). கிட் லென்ஸ் எஃப்/5.6-இல் ஐஎஸ்ஓ 12800 கேட்கிற அறையில், எஃப்/1.4 பிரைம் 800-இல் முடித்துவிடும். பதினாறு மடங்கு வித்தியாசம். சிக்மா 30 எஃப்/1.4 265 கிராம்தான். அவ்வளவு வெளிச்சம் வேண்டாம், சட்டைப்பைக்குள் போனால் சரி என்றால் ஃபுஜியின் 27 எஃப்/2.8 (84 கிராம்), கேனனின் ஆர்எஃப் 28 எஃப்/2.8 (120 கிராம்) இரண்டும் தங்கமானவை. 

ஃபுல் ஃப்ரேம் சோனி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு: டாம்ரான் 28-200. அகல முனையில் எஃப்/2.8, எடை 575 கிராம். ஒரே லென்ஸோடு போக ஆசைப்படுகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது அதைத்தான்.

கேள்வி: வணக்கம் மேடம். என்னிடம் நிக்கான் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி ஆடும் பழைய வகை கேமரா) காலத்து லென்ஸ் மூன்று இருக்கின்றன: 18-55 ஏஎஃப்-பி, 35 எஃப்/1.8ஜி, பழைய 50 எஃப்/1.8டி. இசட்50 II வாங்கினால் அடாப்டர் போட்டு ஓட்டிவிடலாமா?

பதில்: ஓட்டலாம், ஆனால் மூன்றையும் அல்ல. நிக்கானின் பழைய எஃப் மவுண்டில் (மவுண்ட் என்பது லென்ஸ் மாட்டும் வாய்) லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 46.5 மிமீ, நடுவில் பிரதிபலிப்புக் கண்ணாடி ஆடுவதற்காக. கண்ணாடி போன பிறகு இசட் மவுண்டில் அது 16 மிமீ ஆகிவிட்டது. மிச்சம் 30.5 மிமீயை நிரப்பும் வெற்றுக் குழாய்தான் எஃப்டிஇசட் அடாப்டர், உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது. அதனால் படத்தின் தரம் குறையாது.

18-55, 35 இரண்டிலும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். 50 எஃப்/1.8டி-க்கு மோட்டார் இல்லை. டிஎஸ்எல்ஆர் பாடியிலிருந்து ஒரு திருகு வந்து அதைச் சுழற்றும். அந்தத் திருகு அடாப்டரில் இல்லை, எனவே கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். இன்னொன்று: அடாப்டர் தனியாக 130 கிராம் பக்கம் வரும். இசட் 16-50 கிட் லென்ஸே மொத்தம் 135 கிராம்தான். ஆகவே 18-55-ஐ வீட்டில் விட்டுவிடுங்கள். அடாப்டரை 35-க்காக மட்டும் வாங்குவதா, அதே செலவில் ஒரு இசட் பிரைமை நோக்கி நகர்வதா என்று யோசியுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

கேள்வி: பாடியிலேயே ஸ்டெபிலைசேஷன் கட்டாயம் வேண்டுமா?

பதில்: அருவியை 1/4 நொடியில் பட்டுப்போல எடுக்க, ட்ரைபாட் அனுமதிக்காத உள் அரங்குகளில் எடுக்க, பெரிய வரம். ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் நிறுத்தும். எதிரே நடந்து வருபவரை நிறுத்தாது. அவருக்கு 1/250 வேண்டும், அதற்கு எஃப் எண் சின்ன லென்ஸ் வேண்டும்.

வாங்கும்போது ஒரு பொறியைக் கவனியுங்கள். சோனி ஏ6400, கேனன் ஆர்50, ஆர்10, நிக்கான் இசட்50 II ஆகியவற்றின் பாடியில் இது இல்லை. சிக்மா 18-50-லும் இல்லை. ஏ6400-இல் அந்த லென்ஸை மாட்டினால் எங்கேயுமே இல்லை என்றாகிவிடும். அப்படி மாட்டிக்கொண்டு பிறகு என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர். அந்த பாடிதான் கைவசம் என்றால் லென்ஸிலேயே ஸ்டெபிலைசேஷன் உள்ள டாம்ரான் 17-70 எஃப்/2.8 பாருங்கள், எடை 525 கிராம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு.

கேள்வி: அம்மா, எனக்கு 66 வயது. மனைவியும் நானும் மலைப்பகுதிகளுக்குப் போவோம். பறவைகளும் எடுக்க ஆசை. கழுத்துவலி இருப்பதால் கனம் தூக்க முடியாது. ஆசையை விட்டுவிடட்டுமா?

பதில்: விடவே வேண்டாம் ஐயா. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் உங்களுக்காகவே பிறந்தது. உலகின் முதல் மிரர்லெஸ் கேமரா வரிசை 2008-இல் பானசோனிக் ஜி1 மூலம் தொடங்கியதே இந்த மவுண்டில்தான். சென்சார் 17.3×13 மிமீ, சின்னது என்பதால் தொலைவு சுலபமாகக் கிடைக்கும். ஓஎம் சிஸ்டம் ஓஎம்-5 பேட்டரியோடு 414 கிராம், 12-45 எஃப்/4 லென்ஸ் 254 கிராம். பறவைக்கு ஒலிம்பஸ் 75-300, அது 423 கிராம். ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 150-600 எட்டும். மூன்றும் சேர்ந்து 1.1 கிலோ.

குறையையும் சொல்லிவிடுகிறேன். 75-300-இன் நீண்ட முனை எஃப்/6.7, விடிகாலை மங்கலில் திணறும். வெயில் ஏறியபின் கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு மிக நன்றாக இருக்கும். கழுத்தில் மாட்டாமல் குறுக்காகத் தோளில் போடும் அகலப் பட்டை வாங்குங்கள். பறவை லென்ஸை உங்கள் மனைவியின் பையில் கொடுத்துவிடுங்கள், அவர்களும் ஒரு கை பார்க்கட்டும்.

கேள்வி: லென்ஸ் மாற்றினால் சென்சாரில் தூசி விழும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: விழும். மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றினால் பல மாடல்களில் சென்சார் நேரே வெளியே தெரியும். சிலவற்றில் அணைத்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும்படி வைக்க அமைப்பு உண்டு. உங்கள் கேமராவில் இருந்தால் இன்றைக்கே போட்டுவையுங்கள். 

நான் ஒரு மணல்மேட்டின் மேல் காற்றுக்கு முகம் காட்டி நின்றுகொண்டு லென்ஸ் மாற்றினேன். பத்து நொடி. அன்றைக்கு மாலை எடுத்த ஒவ்வொரு வானத்திலும் வலப்பக்கம் மேலே கடுகளவு சாம்பல் புள்ளி. எஃப்/2.8-இல் தெரியாது, எஃப்/11-க்கு மூடினால் பளிச்சென்று தெரியும். இருநூறு படத்தில் ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.

கேமராவை அணைத்து, அதன் வாயைத் தரை பார்க்கப் பிடித்து, காற்றுக்கு முதுகைக் காட்டி மாற்றுங்கள். புது லென்ஸின் பின்மூடியை முதலிலேயே தளர்த்தி வையுங்கள். ரப்பர் ஊதுகுழல் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். வாயால் ஊதவே கூடாது, எச்சில் தெறிக்கும்.

கேள்வி: மழையில் பயன்படுத்தலாமா?

பதில்: "வெதர் சீல்டு" என்று எழுதியிருப்பதை நம்பி நனைக்காதீர்கள். ஓஎம்-5-க்கு ஐபி53 என்ற சான்று (தூசி, தண்ணீர்த் தடுப்பைக் குறிக்கும் தர எண்) உண்டு, அதுவும் அதற்கேற்ற லென்ஸோடு. பெரும்பாலான கேமராக்களுக்கு அப்படி எந்த எண்ணும் கிடையாது. பாடி சீல் செய்யப்பட்டு லென்ஸ் செய்யப்படாவிட்டால் தண்ணீர் லென்ஸ் வழியே போகும். 

மழையைவிட நான் பயப்படுவது ஏசி அறையிலிருந்து புழுக்கத்துக்குள் திடீரென்று வருவதை. லென்ஸில் ஈரம் படிந்து வெளுத்துவிடும். துணியால் துடைத்தாலும் மறுபடி வெளுக்கும், ஏனென்றால் கண்ணாடியே குளிர்ந்திருக்கிறது. கிளம்புவதற்கு முன் அறைக்குள்ளேயே கேமராவைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். ஈரம் உறையின் மேல் படியும், கேமராவில் படியாது.

கேள்வி: விமானத்தில் பேட்டரி எப்படி?

பதில்: கூடுதல் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவான வரம்பு. கேமரா பேட்டரி 16-17 வாட்-மணியைத் தாண்டுவது அபூர்வம். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் மூடியிட்டு வையுங்கள்.

கேள்வி: அருங்காட்சியகத்தில் சைலன்ட் ஷட்டரில் எடுத்தேன். படம் முழுக்கக் கறுப்புக் கோடுகள். கேமரா கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. எல்இடி விளக்கு அதற்குள் பலமுறை மினுக்கிவிடுகிறது. மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். சத்தம் கூடாது என்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்துப் பாருங்கள் (மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/60, 1/125).

கேள்வி: பயணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது அக்கா. இன்னும் வாங்கவில்லை. புது மாடல் வருமென்று காத்திருக்கிறேன்.

பதில்: காத்திருக்காதீர்கள். இந்த வாரம் வாங்கினால் பழக ஒரு வாரம் கிடைக்கும், அதற்கு அப்புறம் வாங்கினால் விமானத்தில் உட்கார்ந்துதான் மெனுவைப் படிப்பீர்கள். வாங்கிய அன்றே அப்பர்ச்சர் முன்னுரிமையில் (எஃப் எண்ணை நீங்களும் ஷட்டர் வேகத்தை கேமராவும் தேர்ந்தெடுக்கும் முறை) போட்டு, ஆட்டோ ஐஎஸ்ஓவின் உச்சவரம்பு 6400, குறைந்தபட்ச ஷட்டர் 1/125 என்று அமையுங்கள். ராவும் (பின்னால் திருத்த வசதியான மூலக் கோப்பு) ஜேபெக்கும் (சாதாரணப் படக் கோப்பு) சேர்த்துப் பதியட்டும். பிறகு தினமும் மாலை வீட்டு விளக்கு வெளிச்சத்தில், வீட்டில் நடமாடுகிறவர்களையே எடுங்கள். எஃப் எண் மாற்றும் சக்கரம், எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) கூட்டிக் குறைக்கும் சக்கரம், ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் குச்சி, இந்த மூன்றையும் கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் விரல் தானாகத் தேடிப் போகும்வரை.