ஆமையோடு வீடு மாறுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

வேலை மாற்றத்தால் ஊர்விட்டு ஊர் போகும் நண்பர்கள் வளர்ப்பு ஆமையைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அரிசோனாவில் நில ஆமைகளை வளர்ப்பவள் நான். நீராமை வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

அக்கா, ஃபீனிக்ஸிலிருந்து டாலஸுக்குக் காரில் போகிறோம். ரஷ்ய ஆமை ஒன்று இருக்கிறது. கண்ணாடித் தொட்டியோடு பின் இருக்கையில் வைத்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. வெளியே தெரிவதெல்லாம் தனக்குப் போக வழி என்றுதான் ஆமை நினைக்கும். கண்ணாடியை முட்டும், கால் வைத்து ஏறப் பார்க்கும், கார் திரும்பும்போது மல்லாந்து விழும். மற்ற பிராணி மல்லாந்தால் அவமானம், ஆமைக்கு ஆபத்து. அதன் நுரையீரல் முதுகோட்டை ஒட்டியே இருக்கிறது. தலைகீழானால் குடலும் ஈரலும் அதை அழுத்திக்கொண்டே இருக்கும்.

உள்ளே வெளிச்சம் தெரியாத, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள். ஆமை திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும்; உலாவ இடம் கொடுத்தால் அது உருளவும் இடம் கொடுத்ததாகிவிடும். பக்கச் சுவர்களின் மேல்பகுதியில் துளை போடுங்கள். துளை போட்ட பிறகு உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்து, பிசிறு இருந்தால் உப்புத்தாள் கொண்டு தேய்த்துவிடுங்கள். அடியில் பழைய துண்டு, அதன்மேல் கிழித்த செய்தித்தாளோ காய்ந்த புல்லோ. தண்ணீர்க் கிண்ணம் வைக்காதீர்கள். பெட்டியை இருக்கைப் பட்டியால் கட்டுங்கள், டிக்கியில் வைக்காதீர்கள்.

வழியில் பசிக்குமே, கிளம்பும் முன் வயிறு நிறையக் கொடுத்துவிடலாமா?

நம் வீட்டுப் பாட்டிகளின் கவலை இது! நலமாக இருக்கும் வளர்ந்த ஆமை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. குளிர்ந்த உடம்பில் செரிக்காத தீனிதான் தொல்லை. முந்தின நாள் கொஞ்சமாகக் கொடுத்து நிறுத்துங்கள்.

உணவைவிட நீர் முக்கியம். வறண்ட நிலத்து ஆமைகள் சிறுநீர்ப்பையையே தண்ணீர்க் குடமாக வைத்திருக்கின்றன; பயந்தால் அதை மொத்தமாகக் கொட்டிவிடும். ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாள் வெதுவெதுப்பான நீரில், தாடை மட்டத்துக்கு மேல் போகாத ஆழத்தில், 20 நிமிடம் உட்கார வையுங்கள். இரவு தங்கும் இடத்திலும் அப்படியே. வழியில் பெட்டி நனைந்திருந்தால் துண்டை மாற்றுங்கள்.

காருக்குள் எவ்வளவு சூடு இருக்கலாம்?

பெட்டிக்குள் 20 முதல் 27 டிகிரி செல்சியஸ். ஏசி எண்ணை நம்பாதீர்கள்; கம்பி முனையுள்ள சிறிய டிஜிட்டல் வெப்பமானியைப் பெட்டிக்குள் விட்டு, திரையை உங்கள் கண்ணில் படும்படி வையுங்கள். ஆமைக்கு வியர்க்காது, நாய்போல் குரைத்துச் சொல்லவும் தெரியாது. சாப்பிட இறங்கினால் ஒருவர் காரிலேயே, ஏசியோடு இருக்க வேண்டும். கோடையில் நிறுத்திய காரின் உள்ளே 40 டிகிரியைத் தொட வெகுநேரம் ஆகாது; அது ஆமைக்கு எமன்.

குளிர்காலமென்றால் வெப்பப் பொட்டலத்தைப் பெட்டிக்கு வெளியே ஒட்டுங்கள். உள்ளே வைத்தால் ஆமையைச் சுட்டுவிடும். போதாக்குறைக்கு, இரும்புத்தூள் அடைத்த வெப்பப் பொட்டலங்கள் சூடாவதற்கு உள்ளிருக்கும் பிராணவாயுவையே எடுத்துக்கொள்ளும்.

எங்கள் சல்கேட்டா (ஆப்பிரிக்கப் பெரிய நில ஆமை) 35 கிலோ. சாமான் ஏற்றும் லாரியில் அனுப்பலாமா?

கூடாது. லாரியின் பெட்டிக்குள் ஏசியும் கிடையாது, பார்க்க ஆளும் கிடையாது. பெரிய வேன் வாடகைக்கு எடுங்கள். கனமான பலகையில் பெட்டி, தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பு, தூக்க இரண்டு பேர். சல்கேட்டா முட்டினால் மெல்லிய பலகை பெயர்ந்துவிடும், ஆகவே ஆணிக்குப் பதில் திருகாணி.

இரண்டு ஆமைகளை ஒரே பெட்டியில்?

தனித்தனியாக. வீட்டில் சமாதானமாக இருப்பவையும் இடுக்கில் முட்டிக்கொள்ளும்.

சாக்ரமென்டோவில் பாலைவன ஆமையைத் தத்தெடுத்தோம். டெக்சாஸுக்கு மாறுகிறோம்.

பெட்டியைப் பற்றி நினைக்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். அது கலிஃபோர்னியாவின் பாதுகாக்கப்பட்ட உயிரினம். வளர்க்கவே மாநில மீன், வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டும், மாநில எல்லையைத் தாண்டி உங்கள் விருப்பத்துக்குக் கொண்டுபோக முடியாது. தத்துக் கொடுத்த குழுவிடமே திருப்பிக் கொடுங்கள், வேறு வீடு பார்ப்பார்கள். மனம் கேட்காமல் பாலைவனத்தில் விட்டுவிடாதீர்கள். வளர்ப்பு ஆமையின் மூச்சுநோய் காட்டு ஆமைகளுக்குத் தொற்றும்.

தபாலில் அனுப்ப முடியுமா? விமானம்?

அமெரிக்கத் தபால் துறை ஆமைகளை ஏற்பதில்லை. விமானமென்றால் பல நிறுவனங்கள் ஊர்வனவற்றைப் பயணிகள் பகுதியில் அனுமதிப்பதில்லை. சரக்குப் பிரிவில்தான் போக வேண்டும். முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு, பிறகு உங்கள் டிக்கெட்டை எடுங்கள். கால்நடை மருத்துவர் சான்றிதழ் கேட்பார்கள்.

லீட்ஸில் இருக்கிறோம். ஹெர்மன் ஆமை குளிர்கால நீண்ட உறக்கத்துக்காகக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. ஜனவரியில் கிளாஸ்கோவுக்குப் போக வேண்டும்.

சில மணி நேரப் பயணம்தான். எழுப்ப வேண்டாம். தடித்த தெர்மோகோல் பெட்டியில், காற்றுத் துளையோடு, 5 டிகிரிக்கு அருகிலேயே வைத்துக் கொண்டுபோங்கள். காரில் ஹீட்டரை அணைத்து நீங்கள் கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள். பாதி விழித்து மறுபடி குளிர்வதுதான் அதன் உடல் சேமிப்பைத் தின்றுவிடும். புதிய வீட்டில் குளிர்சாதனப் பெட்டி அன்றே ஓட வேண்டும்.

சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாறுகிறோம். தாத்தா காலத்து நட்சத்திர ஆமையை யாருக்கும் தெரியாமல் பையில் கொண்டுபோக வழி சொல்லுங்கள், ராசியான ஆமை.

சொல்ல மாட்டேன். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் நட்சத்திர ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். சிறைத்தண்டனை 3 ஆண்டிலிருந்து தொடங்குகிறது. வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொண்டு வனத்துறையிடம் ஒப்படையுங்கள். ராசி வரும் என்று பையில் அடைத்து எத்தனை ஆயிரம் ஆமைகளைக் கடத்துகிறார்கள் என்று செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும்.

இந்தியாவில் சல்கேட்டா போன்ற வெளிநாட்டு ஆமை வைத்திருப்பவர்கள், 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்த சான்றைப் பயணத்தில் கையோடு வைத்திருங்கள்.

புதிய வீட்டுக்கு வந்து நான்கு நாள், மூலையிலேயே கிடக்கிறது. சாப்பிடவில்லை.

நான்கு நாள் சகஜம். சூட்டு விளக்கும் புற ஊதா விளக்கும் பழைய இடத்தில் இருந்த அதே உயரத்தில் இருக்கிறதா பாருங்கள். இதை மாற்றிவிட்டு ஆமைக்கு மனக்கவலை என்று எழுதுகிறவர்கள் நிறைய. பழைய மண்ணில் ஒரு வாளி கொண்டுவந்திருந்தால் பரப்பிவிடுங்கள். தோட்டத்தில் விடும் முன் அரளிச் செடி இருக்கிறதா, முன்பிருந்தவர் பூச்சிமருந்து தெளித்தாரா என்று விசாரியுங்கள். மூக்கில் நீர்க்குமிழி, வாய் திறந்து மூச்சு வாங்குதல், கண் வீக்கம் இவற்றில் ஏதாவது தெரிந்தால் காத்திருக்காதீர்கள். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே போங்கள். அந்த மருத்துவரின் எண்ணை வீடு மாறும் முன்பே தேடி எழுதி வைத்திருப்பது நல்லது.