மைனஸ் 40 என்று போட்டிருந்தால் போதுமா? பனிக்கால வாஷர் திரவம்: கேள்வி பதில்

நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கார் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை செய்கிறேன். நவம்பர் வந்துவிட்டால் எல்லோரும் ஸ்நோ டயர் பற்றிக் கேட்பார்கள், பற்றரி பற்றிக் கேட்பார்கள். கண்ணாடி கழுவுகிற திரவத்தைப் பற்றிக் கேட்பவர் மிகக் குறைவு. ஆனால் 401 நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லொறி உப்புச் சேற்றை வாரி அடிக்கும் நேரத்தில் வாஷர் வேலை செய்யாவிட்டால், 100 கிலோமீற்றர் வேகத்தில் எதிரே ஒன்றுமே தெரியாது. எந்த டயரும் அப்போது உதவாது. அதனால்தான் இந்தத் தடவை இந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் இருப்பது கேட்டவரின் ஊர். கேளுங்கள்.

ஏஜக்ஸ்: அண்ணா, கடையில் மைனஸ் 29, மைனஸ் 35, மைனஸ் 40, மைனஸ் 49 என்று பல விதம் இருக்கிறது. ரொறன்ரோப் பக்கம் மைனஸ் 20க்குக் கீழே போவதே அபூர்வம். பிறகு எதற்கு மைனஸ் 40?

நல்ல கேள்வி தம்பி. போத்தலில் இருக்கும் எண், திரவம் தாங்கிக்குள் சும்மா கிடக்கும்போது எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. கண்ணாடியில் அடித்த பிறகு கதை வேறு. இங்கே விற்கும் திரவம் பெரும்பாலும் தண்ணீரும் மெதனோல் என்ற ஒருவகை அற்ககோலும் கலந்தது. மெதனோல் மிக விரைவாக ஆவியாகும். நெடுஞ்சாலையில் காற்று அடிக்க அடிக்க முதலில் பறப்பது அதுதான். பறக்கும்போது கண்ணாடியின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மிஞ்சுவது தண்ணீர் கூடிய கலவை, அதுவும் முன்பைவிடக் குளிர்ந்த கண்ணாடியில். மைனஸ் 10இல் கூட மெல்லிய ஐஸ் படலம் பிடிப்பது இதனால்தான்.

ஆகவே தெற்கு ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு மைனஸ் 40 வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். சில டொலர் வித்தியாசம்தான். வடக்கே சட்பரி, திம்மின்ஸ் பக்கம் போகிறவர்கள், கியூபெக்கின் வடபகுதி, மனிற்றோபா, சஸ்கச்சுவான் ஆட்கள் மைனஸ் 49 எடுக்கலாம். எதை ஊற்றினாலும், கண்ணாடிக்குச் சூடான காற்று அடிக்கும் டிஃப்ரொஸ்ட்டரைப் போட்டுக் கண்ணாடி கொஞ்சம் சூடேறிய பிறகுதான் அடிக்க வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் எவ்வளவு நல்ல திரவமும் தோற்றுப்போகும்.

மார்க்கம்: தாங்கியில் அரைவாசி கோடைகாலத் திரவம் இருக்கிறது. மேலே மைனஸ் 40 ஊற்றினால் சரிதானே?

சரியில்லை. மைனஸ் 40 திரவத்தில் எடையளவில் ஏறக்குறைய 40 சதவீதம் மெதனோல் இருக்கும். கோடைத் திரவம் கிட்டத்தட்ட தண்ணீர்தான், சுழியம் பாகையிலேயே உறையும். பாதிக்குப் பாதி கலந்தால் மெதனோல் 20 சதவீதமாகிவிடும். அப்போது உறைநிலை மைனஸ் 15 அளவில் நிற்கும். ஜனவரியில் ஒரு நல்ல குளிர் இரவே அதற்குப் போதும்.

ஒக்ரோபர் கடைசியில், குளிர் இறங்குமுன், பழையதை அடித்துத் தீர்த்துவிடுங்கள். ஒரே பிடியாக அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், பம்ப் சூடேறும். சில விநாடி அடித்து, விட்டு, மறுபடி அடியுங்கள். தாங்கி வற்றியதும் நிறுத்துங்கள். புதியதை ஊற்றிய பிறகு இன்னொரு வேலை இருக்கிறது, பலர் அதை மறந்துவிடுகிறார்கள்: குழாய்களுக்குள் இன்னும் பழைய திரவம்தான் நிற்கும். முன் கண்ணாடியில் புது நிறம் வரும்வரை அடிக்க வேண்டும். எஸ்யூவி, வான் என்றால் பின் கண்ணாடிக்கும் அடியுங்கள். பெரும்பாலான வாகனங்களில் தாங்கி ஒன்றுதான். ஆனால் பின்னுக்குப் போகும் குழாய் நீளமானது, அதற்குள் நிற்பது தானாக மாறாது. முன்னுக்கு வருகிறது, பின்னுக்கு வரவில்லை என்று ஜனவரியில் வரும் வாகனங்களில் பலதுக்கு இதுதான் காரணம்.

பிரம்ரன்: மார்ச் விடுமுறைக்கு ஃபுளோரிடா போனோம். அங்கே வாஷர் நிரப்பினோம். திரும்பி வரும்போது ஒஹாயோவில் உறைந்துவிட்டது. கலப்படமா?

கலப்படம் இல்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கடைகளில் அடுக்கியிருப்பது பெரும்பாலும் கோடைத் திரவம். அங்கே அதற்குமேல் தேவையில்லை. நிறமும் நம் ஊர் மாதிரி நீலமாக இருக்கலாம். நிறத்தை நம்பவே கூடாது, எழுத்தைத்தான் வாசிக்க வேண்டும்.

அமெரிக்கப் போத்தல்களில் எண்ணைப் பார்க்கும்போதும் கவனம். பல இடங்களில் ஃபரன்ஹைட்டில் போட்டிருப்பார்கள். அங்கே மைனஸ் 20 என்றால் நம் செல்சியஸ் கணக்கில் மைனஸ் 29. வெறும் 0 என்றால் மைனஸ் 18. 32 என்றால் சுழியம் பாகை, அதாவது கோடைத் திரவம். மைனஸ் 40 மட்டும் இரண்டு அளவிலும் ஒன்றே. தெற்கே போகும்போது இங்கிருந்தே ஒரு போத்தலை டிக்கியில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஸ்காபரோ: வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை. கராஜில் இந்த நீலப் போத்தல் நிற்கிறது. எவ்வளவு ஆபத்து?

தங்கச்சி, மிகவும் ஆபத்து. பார்ப்பதற்கு நீல நிற ஜூஸ் போலவே இருக்கும். மெதனோல் உடலுக்குள் போனால் ஃபோமிக் அமிலமாக மாறும். அது கண் நரம்பைத் தாக்கும், பார்வையே போய்விடலாம், உயிரும் போகலாம். சின்னப் பிள்ளைக்குச் சில வாய் போதும். இதில் மோசமான விஷயம், குடித்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, கண் மங்கல், மூச்சு வாங்கல் எல்லாம் வரும். பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்கவே கூடாது.

குடித்த சந்தேகம் வந்தாலே, கனடாவின் நஞ்சு தகவல் நிலையத்துக்கு 1-844-764-7669 என்ற எண்ணில் எடுங்கள். மயக்கம், மூச்சுத் திணறல் என்றால் உடனே 911. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் இதற்கு மாற்று மருந்து உண்டு. நேரத்தோடு கொடுத்தால் காப்பாற்றலாம்.

மிச்சத்தைத் தண்ணீர்ப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஊற்றி வைக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். வந்த போத்தலிலேயே மூடியை இறுக்கி, உயரத்தில், பூட்டி வையுங்கள். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் காஸ் வாட்டர் ஹீட்டருக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

டோட்முண்ட், ஜெர்மனி: இங்கே கிடைப்பது வேறு மாதிரி, மணமும் வேறு. செறிவாக விற்கிறார்கள், தண்ணீர் கலக்கச் சொல்கிறார்கள்.

முந்தைய பதிலில் சொன்ன நஞ்சுதான் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 மே மாதத்திலிருந்து, பொதுமக்களுக்கு விற்கும் வாஷர் திரவத்தில் மெதனோல் எடையளவில் 0.6 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கக்கூடாது. அங்கே பெரும்பாலும் எதனோல்தான், அதாவது மதுவில் இருக்கும் அற்ககோல்தான், அந்த வேலையைச் செய்கிறது. எனக்குக் கேட்டால் அது நல்ல சட்டம், கனடாவுக்கும் வரவேண்டும்.

ஆனால் அதே செறிவில் எதனோல் மெதனோல் அளவு குளிரைத் தாங்காது. ஆகவே போத்தலின் பின்பக்க அட்டவணையைப் பார்த்து, அடுத்த சில நாள் குளிருக்கு மேலதிகமாகப் பத்துப் பாகையாவது வைத்துக் கலக்குங்கள். வெளியே ஒரு பாத்திரத்தில் கலந்து ஊற்றுங்கள். தாங்கிக்குள் தனித்தனியாக ஊற்றினால் உடனே ஒழுங்காகக் கலக்காது.

வின்னிபெக்: காற்றோடு சேர்த்து மைனஸ் 45 என்று வானிலையில் சொன்னார்கள். என்னிடம் இருப்பது மைனஸ் 40. உறையுமா?

காற்றுக் குளிர் என்பது நம் தோலுக்கான கணக்கு. காருக்கு அது இல்லை. தாங்கி வேகமாகக் குளிரும், ஆனால் உண்மையான காற்று வெப்பநிலைக்குக் கீழே போகாது. அன்றைக்கு உண்மையான வெப்பநிலை மைனஸ் 31 என்றால் தாங்கியில் இருப்பது உறையாது. ஆனாலும் உங்கள் ஊருக்கு மைனஸ் 49தான் சரி. கண்ணாடியில் என்ன நடக்கும் என்று முதல் பதிலில் சொல்லியிருக்கிறேன்.

மார்க்கம்: எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் மிச்சமிருக்கிறது, அதை வாஷர் தாங்கிக்குள் ஊற்றலாமா? அதுவும் உறையாதுதானே.

ஊற்றவே கூடாது. கண்ணாடியில் எண்ணெய் மாதிரிப் பூசிக்கொள்ளும், எதிரே வரும் லைட்டில் ஒன்றும் தெரியாது. அதுவும் நஞ்சுதான்.

எற்றோபிக்கோ: காலையில் கண்ணாடி முழுக்க ஐஸ். சுடுதண்ணீர் ஊற்றலாமா, வாஷர் அடிக்கலாமா?

சுடுதண்ணீர் கண்ணாடியை வெடிக்க வைக்கும். வாஷர் தடித்த ஐஸை உருக்காது, வைப்பர் ரப்பரைத்தான் கிழிப்பீர்கள். ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். மின்சாரக் கார் என்றால் சார்ஜரில் இருக்கும்போதே ஃபோன் அப்பில் சூடேற்றி வையுங்கள்.

பிக்கரிங்: ஏற்கனவே உறைந்துவிட்டது. அழுத்தினால் ஒன்றும் வரவில்லை.

முதலில் அழுத்துவதை நிறுத்துங்கள். பம்ப் உறுமுகிற சத்தம் கேட்டும் திரவம் வரவில்லை என்றால் குழாயோ ஊசித்துளையோ அடைத்திருக்கிறது. சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ் போயிருக்கலாம், பம்பும் போயிருக்கலாம். சூடான நிலக்கீழ் பார்க்கிங்கில் சில மணி நேரம் விடுங்கள். உருகியதும் கீழே ஒழுகினால் தாங்கியோ குழாயோ வெடித்திருக்கும், மாற்றத்தான் வேண்டும். ஒழுகாவிட்டால் அப்படியே விட்டுவிடாமல் எல்லாவற்றையும் அடித்துத் தீர்த்து, மைனஸ் 40 நிரப்புங்கள். இல்லையென்றால் அன்றிரவே மறுபடி உறையும்.

ஏஜக்ஸ்: மொன்றியல் போகிறோம். ஒரு தாங்கி போதுமா?

ஸ்நோ பெய்து உப்புப் போட்ட நாளில் போதாது. பெரும்பாலான கார்களில் மூன்று முதல் ஐந்து லீற்றர் பிடிக்கும். அப்படிப்பட்ட நாளில் வழியில் இருக்கும் கிங்ஸ்ரனுக்கு முன்பே தீர்ந்துவிடலாம். 3.78 லீற்றர் போத்தல் ஒன்றை டிக்கியில் நிமிர்த்தி, சரியாமல் கட்டி வையுங்கள். கூடவே ஒரு புனலும்.