சுங்குடி முடிச்சு ஆய்வு: பிஎல்எஃப்எஸ் தரவில் ஆட்களே இல்லையா?

மதுரையில் வீட்டிலிருந்து சுங்குடிக்கு முடிச்சுப் போடும் பெண்கள் பற்றி எம்.ஏ. ஆய்வு, பிஎல்எஃப்எஸ் (நாடு தழுவிய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு) தரவில் மாவட்டத்தை வடிகட்டினால் விரல்விட்டு எண்ணுமளவுதான் ஆள் தேறுகிறது என்கிறீர்கள். தேறாதுதான். அந்தச் சில பேருக்கு எடையை (மாதிரியில் உள்ள ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குச் சமம் என்ற எண்ணை) பெருக்கி 'மதுரையில் இத்தனை ஆயிரம் பேர்' என்று எழுதிவிடாதீர்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். மாநில அளவுப் பின்னணிக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் என்ன வேலை நிலையில் இருக்கிறார் என்பதற்கு அந்தத் தரவில் தரப்படும் எண்ணான நிலைக் குறியீட்டையும் பாருங்கள். கூலிக்கு முடிச்சுப் போடும் பெண் 'சும்மா வீட்டுலதான் இருக்கேன்' என்றால் 92 அல்லது 93-இல், அதாவது வீட்டு வேலைக் கணக்கில், போய்விடுவார். சுயதொழில் 11, குடும்பத் தொழிலில் சம்பளமில்லா உதவி 21. இந்தக் குழப்பத்துக்கே ஒரு இயல் ஒதுக்கலாம்.

களத்தில் 'மாத வருமானம் எவ்வளவு?' என்று கேட்காதீர்கள். பீஸ் ரேட்டில், அதாவது முடித்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், வாழ்பவருக்கு மாதக் கணக்கு இருக்காது, வாய்க்கு வந்ததைச் சொல்வார். கடைசியாக முடித்த ஒரே சேலையைப் பற்றிக் கேளுங்கள்: துணி யார் கொடுத்தார், எத்தனை நாள், தினம் எத்தனை மணி நேரம், மகளோ மாமியாரோ கை கொடுத்தார்களா, கூலி எப்போது வந்தது, கூலியில் ஏதாவது பிடித்துக்கொண்டார்களா. கூலியை எல்லோருடைய மொத்த மணி நேரத்தால் வகுத்தால்தான் உண்மையான கூலி தெரியும்.

பேட்டிக்கு ஆள் தேடும்போது, வேலை கொடுக்கும் ஒரே ஏஜென்ட் தரும் பெயர்ப் பட்டியலை நம்பினால் அவருக்கு வேண்டியவர்கள்தான் கிடைப்பார்கள். குறைந்தது மூன்று வேறு வழிகளில் நுழையுங்கள். பேட்டியின்போது ஏஜென்ட் பக்கத்தில் இருக்கக்கூடாது. நெறியாளர் எண்ணிக்கை கேட்டால், முப்பது ஆழமான பேட்டியும் வியாபாரி, ஏஜென்ட், சாயக்காரர் தரப்பில் சிலரும் போதும் என்று வாதாடலாம்.