அம்மப்பாவின் மரப் புல்லாங்குழல் வெடித்துவிட்டது, யாரிடம் கொடுப்பது?

கேள்வி: அம்மப்பா கொழும்பில் பொலிஸ் பாண்டில் வாசித்தவர். அவருடைய கறுப்பு மரப் புல்லாங்குழல் எங்களிடம் இருக்கிறது. நாலு துண்டாகக் கழரும், எட்டு உலோகக் கீ (துளையை மூடித் திறக்கிற விசை). இடம்பெயர்ந்த காலம் முழுக்க அம்மா அதைச் சேலையில் சுற்றிக் கொண்டு திரிந்தவர். மீளக் குடியேறிய பிறகு கனகாலம் தகரக் கொட்டிலுக்குள் கிடந்தது. இப்போது ஊதும் துண்டில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு, ஊதும் துளையையும் வெட்டிக்கொண்டு போகிறது. ஊதினால் காற்றுத்தான் வருகிறது. கிளிநொச்சியில் தளபாடம் செய்கிற ஓடாவியார் ஒருவர் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து வார்னிஸ் அடித்துத் தாறன், இரண்டாயிரம் காணும் என்கிறார். கொழும்பில் ஒரு வாத்தியக் கடைக்குப் போன் எடுத்தால், கொரியரில் அனுப்புங்கோ, 45,000 ரூபா, பாதி முதலே வேண்டும் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் மூங்கில் புல்லாங்குழல் செய்பவர், இது என்ர வேலை இல்லைப் பிள்ளை என்று திருப்பித் தந்துவிட்டார். என்ன செய்ய?
— வாசகி, மல்லாவி

பதில்: இந்த மூன்று பேரில் உங்களுக்கு நேர்மையாக நடந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர்தான். தன் வேலை எது என்று தெரிந்த ஆள். இன்னொரு முறை போனால் அவரிடமே கேட்டுப் பாருங்கள், அப்படிப்பட்டவர்களுக்குத்தான் வேறு நல்ல தொழிலாளிகளையும் தெரிந்திருக்கும்.

ஓடாவியாரிடம் கொடுக்காதீர்கள். அவர் கெட்டவர் என்பதற்காக இல்லை, முதிரையிலும் பாலையிலும் அவர் செய்கிற கதவு நூறு வருசம் நிற்கும். ஆனால் உங்கள் குழல் ஏன் வெடித்தது என்பது அவருக்குத் தெரியாது. ஊதும் துண்டைக் கழற்றி வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். அநேகமாக உள்ளே பித்தளையிலோ வெள்ளியிலோ ஒரு குழாய் பதித்திருக்கும், சுருதி சேர்க்க இழுத்துத் தள்ளுகிற குழாய் அதோடு சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில, ஜேர்மன் மரக் குழல்களில் இது வழக்கம். மரம் வருசக்கணக்கில் காய்ந்து குறுக்குவாட்டில் சுருங்கும், உள்ளே இருக்கிற உலோகம் சுருங்காது. மரத்துக்குப் போக்கிடம் இல்லை, அதனால் நீளவாக்கில் பிளக்கிறது. தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் கிடந்தால் சொல்லவே வேண்டாம். இந்த நெருக்கத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே பசையை அடைத்தால், அந்த வெடிப்பு மூடும், அடுத்த வருசம் பக்கத்தில் இன்னொன்று திறக்கும்.

ஆகவே நல்ல திருத்துநரைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும் என்று நினைக்கிறேன்: "உள்ளே இருக்கிற உலோகக் குழாயை என்ன செய்வீர்கள்?" தொழில் தெரிந்தவர் அதை எப்படியாவது வெளியே எடுப்பேன் என்பார், மரத்தின் உட்பக்கத்தைக் கொஞ்சம் கடைந்து குழாய்க்கு இடம் விடுவேன், அதற்குப் பிறகுதான் வெடிப்பை மூடுவேன் என்பார். சிலர் குழாயையே கொஞ்சம் ஒடுக்குவார்கள், அதுவும் சரி. "என்ன குழாய்?" என்று கேட்பவரிடம் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பி வாருங்கள். "அதைத் தொடத் தேவையில்லை, சுப்பர் குளூ விட்டுக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் சரி" என்பவரிடம் தேத்தண்ணியும் வேண்டாம்.

கொழும்புக் கடையிடமும் இதையே கேளுங்கள். 45,000 கூடுதலா குறைவா என்பதல்ல விசயம், குழலைக் கண்ணால் பார்க்காமல் முழு விலை சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வேலையைப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்: வெடிப்புக்கு எவ்வளவு, கீக்களின் அடியில் ஒட்டுகிற தோல் மெத்தைகளுக்கு எவ்வளவு, வில்லுகளுக்கு எவ்வளவு, தக்கைக்கு எவ்வளவு. கடைக்காரர் தானே செய்கிறாரா, வேறு ஒருவருக்குக் கைமாற்றுகிறாரா என்றும் கேளுங்கள். கைமாற்றுகிறார் என்றால் செய்யப்போகிற ஆளோடு பேச வேண்டும் என்று நில்லுங்கள், கூச்சப்பட ஒன்றும் இல்லை.

சரி, அப்படி ஆள் எங்கே? இங்கேதான் எல்லோரும் பிழையான வாசலில் தட்டுகிறார்கள். புல்லாங்குழல் என்றதும் புல்லாங்குழல்காரரைத் தேடுகிறோம். மூங்கிலில் கீ இல்லை, உலோகக் குழாயும் இல்லை, வெடித்தால் நூல் சுற்றுவார்கள் அல்லது புதிது எடுப்பார்கள், விலையும் அப்படி. மேற்கத்தைய புல்லாங்குழல் திருத்துகிறவரோ இப்போது முழுக்க உலோகத்தில்தான் வேலை செய்கிறார், ஜேர்மன் குழல் வினைஞர் தியோபால்ட் போம் 1847இல் கொண்டுவந்த உருளைக் குழலின் வழி வந்தவை அவை. உங்களுக்கு வேண்டியது மரமும் கீயும் சேர்ந்த வாத்தியத்தில் கைபட்ட ஆள். அது கிளாரினெட். நல்ல கிளாரினெட் பெரும்பாலும் ஆபிரிக்கக் கருமரத்தில் செய்தது, உங்கள் குழலும் அதே மரமாகவோ அதன் குணம் உள்ள கொக்கஸ் மரமாகவோ இருக்கலாம். அதுவும் வெடிக்கும், அந்த வெடிப்பை மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே கிளாரினெட் வாசிப்பவர்களைத் தேடுங்கள். பொலிஸ், முப்படை வாத்தியக் குழுக்களில் ஓய்வுபெற்றவர்கள், 1958இல் தொடங்கிய இலங்கை சிம்பொனி இசைக்குழுவில் மரக்காற்று வாத்தியம் வாசிப்பவர்கள். உங்களுக்கு இதில் ஒரு சௌகரியமும் உண்டு, அம்மப்பா பொலிஸ் பாண்ட் என்று சொன்னாலே அங்கே கதவு திறக்கும். அவர்களிடம் "நல்ல கடை எது" என்று கேட்காதீர்கள், "உங்கட கிளாரினெட் வெடித்தால் யாரிடம் கொடுப்பீர்கள்" என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டுக்குப் போகிற எண்ணம் இருந்தால் அங்கேயும் இதே வழிதான். திருச்சி ஏ.கே.சி. நடராஜன் போன்றவர்களால் கிளாரினெட் கர்நாடக இசை மேடையிலேயே ஏறிவிட்ட ஊர் அது. நாதஸ்வரம் செய்கிற நரசிங்கம்பேட்டையைப் பலர் சொல்வார்கள். ஆச்சா மரத்தைக் கடைவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை, ஆனால் நாதஸ்வரத்தில் கீ கிடையாது. வெடிப்பு வேலையை மட்டும் பேசிப் பார்க்கலாம், அதுவும் அந்தக் குழாய்க் கேள்வியைக் கேட்ட பிறகு.

எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. கீ ஒன்று முறிந்திருந்தால் அது நகைத் தொழிலாளி செய்யக்கூடிய வேலை, வவுனியாவிலேயே செய்யலாம், வெள்ளிப் பற்று வைத்துப் பொருத்திவிடுவார். ஆனால் கீயை மரத்திலிருந்து கழற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும், குழலோடு சேர்த்து அவருடைய ஊதுலைக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. கழற்றும்போது கீயைப் பிடித்திருக்கும் ஊசியை எந்தப் பக்கத்தால் தள்ளுவது என்று தெரியாமல் தட்டினால் மரத்தில் கடைந்து விட்டிருக்கிற அந்தச் சின்னக் குமிழ் பிய்ந்துவிடும், பிறகு அதற்கும் ஒரு செலவு.

துண்டுகள் பொருந்துகிற இடத்தில் நூல் தளர்ந்திருந்தால் அதை நீங்களே சுற்றலாம். பருத்தி நூலைத் தேன்மெழுகில் இழுத்துச் சுற்றுங்கள், முல்லைத்தீவுப் பக்கம் தேன் எடுப்பவர்களிடம் மெழுகு கிடைக்கும். இறுக்கமாக இருக்கட்டும் என்று அள்ளிச் சுற்றிவிடாதீர்கள், நூல் பருத்தால் வெளித்துண்டு வெடிக்கும்.

கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை. குழாய் வேலை செய்பவர்கள் சுற்றுகிற வெள்ளை ரேப் இருக்கிறதே, அதை ஊதும் துளையின் மேல் வராமல் அதன் இரண்டு பக்கமும் வெடிப்பை மூடிச் சுற்றி ஊதிப் பாருங்கள். சத்தம் கொஞ்சமாவது திரும்பினால் வெடிப்புத்தான் காரணம், திரும்பாவிட்டால் மெத்தைகளும் ஒழுகக்கூடும். இரண்டில் எது என்று தெரிந்துகொண்டு போனால் விலை பேசுவது லேசு. இன்னொன்று, வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள். சோளகம் அடிக்கிற மாதங்களில் வெடிப்புக்குள் ஒரு தாள் நுழையும், மார்கழி மழைக்கு நுழையாமலும் போகலாம். மரம் ஈரத்தைக் குடித்துத் தானாக மூடுகிறது என்றால் நல்ல செய்தி, திருத்துநரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதற்காகத் தண்ணீரில் போட்டுவிட வேண்டாம். தேங்காயெண்ணெயும் பூச வேண்டாம், எண்ணெய் ஊறிய வெடிப்பில் பசை பிடிக்காது.

ஒப்படைக்கும்போது: குழலை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், செய்தவரின் முத்திரை குத்திய இடத்தைக் கிட்ட வைத்து எடுங்கள். பற்றுச்சீட்டில் "புல்லாங்குழல் 1" என்று எழுதினால் ஏற்க வேண்டாம், நாலு துண்டு, எட்டுக் கீ, என்ன முத்திரை, என்ன வேலை என்று எழுதச் சொல்லுங்கள். மூன்று விசயத்தை எழுத்திலேயே போட்டுவிடுங்கள். ஊதும் துளையின் விளிம்பை அராவக்கூடாது, முத்திரை அழிய மினுக்கக் கூடாது, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும். ஊதும் துளையின் விளிம்பு போனால் குழல் போனது மாதிரித்தான், நாதம் முழுக்க அங்கேதான் பிறக்கிறது. கொரியரைவிட நேரில் கொண்டுபோவது நல்லது. அனுப்பத்தான் வேண்டும் என்றால் சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இழப்பீட்டு எல்லை என்ன என்று வாசியுங்கள், பெறுமதியைக் குறித்து அனுப்புங்கள்.

வேலை பிழைத்து, அவர் பொறுப்பெடுக்க மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எங்கள் ஆட்கள் சண்டை பிடித்துக்கொண்டே மூன்று மாதத்தைக் கடத்திவிடுவார்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கிற சித்தப்பா வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிறார். அப்பப்பாவின் பழைய மரக் குழலை அங்கே கொண்டுபோய்த் திருத்தித் தாறன் என்கிறார். நம்பிக் கொடுக்கலாமா?
— வாசகர், முள்ளியவளை

பதில்: ஆள் கிடைக்கிற சாத்தியம் அங்கே கூட. பழைய மரக் குழல்களை ஐரிஷ் இசைக்காரர் இன்றும் வாசிக்கிறார்கள், அதனால் அவற்றைத் திருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கொண்டுபோக முதல் இரண்டு விசயம். வெள்ளை வளையமோ வெள்ளை மூடியோ இருந்தால் அது எலும்பா தந்தமா என்று பாருங்கள். வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிற மெல்லிய வளைகோடுகள் தெரிந்தால் யானைத் தந்தம், சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் என்றால் எலும்பு. தந்தம் என்றால் அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்ட வேண்டாம், பறிமுதல் செய்வார்கள். மரத்தால் அவ்வளவு தொல்லை இல்லை, கருமரத்தில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரிலிருந்து சர்வதேச அனுமதிப் பத்திரம் தேவையில்லை. அடுத்தது இங்கத்தைய சட்டம். பழம்பொருட்கள் வெளியே போவதை 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துக்கள் சட்டம் கட்டுப்படுத்துகிறது, ஆகவே தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டு எழுத்தில் ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவிடம் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். லண்டன் வீட்டில் மாரிகாலத்தில் சூடேற்றிக்குப் பக்கத்தில் வைத்தால் இங்கே பத்து வருசத்தில் காய்கிற காய்ச்சல் அங்கே ஒரு மாரியில் காயும்.

கேள்வி: பேஸ்புக்கில் ஒருவர் "200 வருசப் பழமையான லண்டன் புல்லாங்குழல்" என்று ஒன்றரை லட்சம் கேட்கிறார். பாடசாலையில் ஹார்மோனியத்தோடு வாசிக்க எடுக்கலாமா?
— வாசகர், வவுனியா

பதில்: ஹார்மோனியத்தோடு வாசிக்க என்றால் வேண்டாம். 440 என்ற சுருதி (A சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு) 1939 லண்டன் மாநாட்டில்தான் உடன்பாடானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேய பாண்டுகள் 452 அளவில் வாசித்தன, அந்தக் காலத்துக் குழல் என்றால் ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவில் எங்கோ நிற்கும், இழுத்தாலும் முழுக்கச் சேராது.

சேகரிக்க என்றால் முத்திரையின் படம் கேளுங்கள். மரத்தில் இருப்பதாலும் கீ இருப்பதாலும் 200 வருசம் ஆகிவிடாது, இந்த வகைக் குழல்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜேர்மனியில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டு உலகம் முழுக்க விற்கப்பட்டன. "ஜேர்மனி" என்று எங்காவது பொடியாகக் குத்தியிருந்தால் அநேகமாக அது 1887ஆம் ஆண்டு பிரித்தானிய வணிகக் குறிகள் சட்டத்துக்குப் பிந்தியது. ரூடல் அன்ட் ரோஸ் போன்ற 1820களில் தொடங்கிய லண்டன் பட்டறையின் பெயர் உண்மையாகவே இருந்தால் கதை வேறு, அப்போது விற்பவரே ஒன்றரை லட்சத்துக்குத் தரமாட்டார். பெயர் ஒன்றும் இல்லை, வெடிப்பு உண்டு, ஆனால் "சின்னத் திருத்தம்தான்" என்கிறாரா? அந்தத் திருத்தத்தைச் செய்து முடித்துவிட்டே விற்கச் சொல்லுங்கள்.