காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 7. பகலில் வீட்டில் மாமியார் மட்டும்தான். முட்டி வலி இருப்பதால் பிள்ளைகள் பின்னால் அவரால் ஓட முடியாது. லீவு விட்டதிலிருந்து இரண்டு பேரும் போனும் டிவியுமாகவே இருக்கிறார்கள். பிடுங்கினால் அழுகை, சண்டை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சம்மர் கேம்ப் போகிறார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. பிள்ளைகளின் லீவை நானே வீணடிக்கிறேனோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்புத் தங்கைக்கு,

கேம்ப் பேச்சை முதலில் முடித்துவிடலாம். வருஷம் முழுக்க மணியடித்தால் உட்கார்ந்து, மணியடித்தால் எழுந்த பிள்ளைகள். லீவிலும் இன்னொரு டைம்டேபிளுக்குள் அவர்களை அனுப்பியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் நீச்சல் ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள். அது உயிர் காக்கும். பெரியவர்கள் துணை இல்லாமல் கிணறு, கண்மாய்ப் பக்கம் போகவே கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

காலையும் சாயங்காலமும் தெருவில் விளையாடப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் சிக்கலெல்லாம் பதினொன்றிலிருந்து நான்கு வரைதான். கத்திரி வெயிலில் வெளியே விடவும் முடியாது, நீங்களும் வீட்டில் இல்லை.

அந்த நேரத்துக்கு உங்கள் மாமியாரை நம்புங்கள். அவர் ஓட வேண்டாம், உட்கார்ந்தபடியே ஆடலாம். பல்லாங்குழி நிச்சயம் தெரிந்திருக்கும். பலகை இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் இரண்டு வரிசையாக 14 வட்டம் போட்டால் போதும். குழிக்கு ஐந்து வீதம் 70 புளியங்கொட்டை. கையில் உள்ளதை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், தீர்ந்ததும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு', அந்தப் பக்கத்துக்காரருக்குச் சொந்தம். எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று உங்கள் மகள் மனசுக்குள்ளேயே எண்ணத் தொடங்கிவிடுவாள். கணக்கு டியூஷனில் இவ்வளவு ஆசையாக எண்ணுவாளா என்பது சந்தேகம்தான்.

மகனுக்கு ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகளை வெட்டித் தள்ளப் புலி பார்க்கும். புலி நகர முடியாதபடி ஆடுகள் வளைக்க வேண்டும். புலியாக ஆடத்தான் எல்லாப் பிள்ளைகளும் ஆசைப்படுவார்கள். ஆட்டுக்காரராக ஆடச் சொல்லுங்கள், அதில்தான் யோசனை அதிகம்.

அடுத்தது, வேலை. பொழுதுபோக்குக்காகக் கொடுக்கும் பொய் வேலை வேண்டாம், வீட்டுக்கு நிஜமாகவே தேவைப்படும் வேலையாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் நீங்கள் ஜவ்வரிசிக் கூழ் காய்ச்சிக்கொடுங்கள். வெயில் ஏறுவதற்குள் மொட்டைமாடியில் துணி விரித்து வத்தல் ஊற்றுவது பிள்ளைகள் பொறுப்பு. காக்கா வராமல் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வதும், சாயங்காலம் எடுத்துவைப்பதும் அவர்களே. வத்தல் கோணல்மாணலாகத்தான் வரும். நீங்கள் சரிசெய்ய உட்காராதீர்கள். செய்ததைத் திருத்தினால் மறுநாள் கையை வைக்கவே மாட்டார்கள். அதையே பொரித்து, "பிள்ளைகள் போட்ட வத்தல்" என்று அப்பாவுக்குப் பரிமாறுங்கள்.

போனைப் பற்றி. கையில் இருக்கும் போனைப் பிடுங்குவதுதான் சண்டைக்குக் காரணம். பகலில் அது வீட்டில் இல்லாமல் இருப்பது நல்லது. மாமியாரிடம் ஒரு பட்டன் போன் இருந்தால் அவசரத்துக்கு அது போதும். நீங்கள் வந்த பிறகு ஒரு நேரம் குறித்துக் கொடுத்துவிடுங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாட்டியோடு சேர்ந்து ஒரு படம் பார்த்தால் பார்க்கட்டும், அதற்குப் பதற வேண்டாம். முதல் மூன்று நான்கு நாள் "போர் அடிக்குது" என்று புலம்பத்தான் செய்வார்கள். உடனே பதில் தேடாதீர்கள். ஒரு பெரிய அட்டைப் பெட்டி, பசை, பழைய புடவை ஒன்று, இவற்றை மூலையில் போட்டுவைத்துவிட்டு விலகி இருங்கள். நீங்கள் திரும்பி வரும்போது வீடு அலங்கோலமாக இருக்கும். அப்புறம் சேர்ந்து எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

மகனுக்கு இன்னொன்று. மாடியில் ஒரு குச்சியை நேராக நட்டு, நண்பகலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மதுரையில் மே மாதம் முழுக்க உச்சிச் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே இருக்கும், அதனால் குட்டையான நிழல் தெற்கே விழும். டிசம்பரில் வடக்கே விழும். ஏன் என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவனே அலையட்டும். செருப்பும் தொப்பியும் போட்டு, குறித்துவிட்டு உடனே இறங்கிவிட வேண்டும்.

ஒரு ஞாயிறு புதுநத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். 2023-ல் திறந்த நூலகம், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. இன்னொரு நாள் கீழடி அருங்காட்சியகம். அங்கே தோண்டியெடுத்த சுடுமண் ஆட்டக்காய்களும் பகடையும் இருக்கின்றன. வீட்டில் பாட்டியோடு தாயம் ஆடிவிட்டுப் போகும் பிள்ளைகள் அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு லேசில் நகர மாட்டார்கள்.

நீங்கள் எதையும் வீணடிக்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் பத்து நிமிஷம், போனைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு யார் எத்தனை பசு எடுத்தார்கள் என்று கேளுங்கள். மே கடைசி வாரத்திலிருந்து தூங்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்தால் போதும். நோட்டுக்கு அட்டை போடுவதெல்லாம் ஜூனில் பார்த்துக்கொள்ளலாம்.