ஒக்டோபரில உருளைக்கிழங்கை மூட்டையா வேண்டலாமோ?

கேள்வி: நாங்கள் கனடாவில மார்க்கம் (Markham) நகரத்தில இருக்கிறம். ஊருக்கு வெளியில ஒரு ஃபார்மில 50 இறாத்தல் உருளைக்கிழங்கு மூட்டை, கரட், வத்தாளங்கிழங்கு எல்லாம் கடையை விட மலிவா விக்கினம். வாசல் படிக்குக் கீழ கோல்ட் ரூம் (ஹீற்றர் இல்லாத குளிர் அறை) சும்மாதான் கிடக்கு. வேண்டி வைச்சா மார்ச் மட்டும் தாங்குமோ, இல்லாட்டி காசுதான் நட்டமோ?

பதில்: தாங்கும், வேண்டுங்கோ. ஆனா காசு குடுக்க முந்தி மூட்டையை அவிட்டுக் காட்டச் சொல்லுங்கோ. ஒரு கிழங்கை எடுத்துப் பெருவிரலால அழுத்தித் தேய்ச்சா தோல் உரிஞ்சு வருதெண்டால் அது இன்னும் முத்தேல்லை, அதைக் கெதியாச் சமைச்சு முடிக்கலாமே தவிர மாரிக்கு வைக்க ஏலாது. வெட்டுப்பட்டது, பச்சை பிடிச்சது கனக்க இருந்தா விட்டிட்டு வாங்கோ. கழுவிப் பளபளப்பா இருக்கிறதை விட மண் ஒட்டினதுதான் கனகாலம் நிக்கும், வீட்டை கொண்டு வந்தும் கழுவிப்போடாதேங்கோ.

முதல் ரெண்டு கிழமை 10-15 டிகிரியில இருட்டில வையுங்கோ, சின்னக் காயமெல்லாம் அதில ஆறித் தோல் தடிச்சிடும், பிறகுதான் கோல்ட் ரூம். அங்க ஒரு தேர்மோமீற்றர் கட்டாயம் தொங்க விடுங்கோ, ஏனெண்டால் உருளைக்கிழங்குக்கு 4-7 டிகிரிதான் சரி, அதுக்குக் கீழ போனா மாச்சத்து சீனியா மாறிப் பொரிக்கேக்க கறுத்துப் போகும். ஜனவரியில வெளிச் சுவரடி உறையிற அளவுக்குப் போகும், அதால மூட்டையை உள்பக்கமா, நிலத்தில முட்டாமல் பலகையில வையுங்கோ. லைற்றை எரிய விட வேண்டாம், வெளிச்சம் பட்டாப் பச்சையாகிக் கைக்கும், அதைச் சாப்பிடவும் கூடாது.

கரட்டுக்கு 0 டிகிரிக்குக் கிட்ட, நல்ல ஈரப்பதனும் வேணும். இலை தண்ணியை இழுத்துக் கிழங்கை வாட்டிப்போடும், அதால இலையை முறிச்சு எறிஞ்சிட்டு ஈர மணலுக்குள்ள பெட்டியில அடுக்குங்கோ. ஆப்பிளை மட்டும் அதே அறையில வைச்சிடாதேங்கோ, அதில இருந்து வாற எத்திலீன் வாயுவில கரட் கைச்சுப் போகும், கன பேர் இதைக் கவனிக்கிறேல்லை. வெங்காயம் வேற இடம், அதுக்கு உலர்ந்த காத்து வேணும்.

வத்தாளங்கிழங்கைக் கோல்ட் ரூம் பக்கமே கொண்டு போகாதேங்கோ! 10 டிகிரிக்குக் கீழ கன நாள் கிடந்தா உள்ளுக்குக் கட்டியாகி அவிச்சாலும் அவியாது. 13-15 டிகிரி இருக்கிற பேஸ்மென்ற் மூலைதான் அதுக்கு.

கிழமைக்கு ஒருக்கா கிளறிப் பார்த்து அழுகினதை எடுங்கோ. நாலு பேர் உள்ள வீடெண்டால் முதல் வருசம் பக்கத்து வீட்டோட பாதி மூட்டை பங்கு போடுங்கோ, கோல்ட் ரூம் எப்பிடி நிக்குதெண்டு பார்த்து அடுத்த முறை முழுசா வேண்டலாம்.